குத்தாலிங்கம் பேர் கொடுத்த பந்தயம்

15 ஜூலை 2023, சனி

வருடத்தின் எண் எனக்கு நிற்காது. நடந்தது நிற்கும். இது தக்காளி கிலோ நூற்றைம்பதுக்கு விற்கிற வருடம். ரோஸ் கலர் ரெண்டாயிரம் நோட்டை மாற்றுவதற்கு ஜனம் பாங்கு வாசலில் நிற்கிற வருடம். சாரல் பிந்தி வந்த வருடம். நேற்று மத்தியானம் நிலாவுக்கு ராக்கெட் விட்டார்கள். டிவியில் அது புகையைக் கக்கிக்கொண்டு ஏறுகிற நேரத்தில்தான் குத்தாலிங்கம் போன் செய்தான். அதனால் நாள் எனக்கு மறக்காது.

"வே, ஆகஸ்ட் பதிமூணு ஞாயித்துக்கிழமை ஒரு சோலியும் வச்சுக்கிடாதீரு."

"யாருக்குவே கல்யாணம்?"

"கல்யாணம் இல்லவே. பந்தயம். குத்தாலம் போற வழியில ஒரு தோப்புல பெங்களூர்க்காரன் சேத்து ஓட்டம் வைக்கான். சுவரு ஏறணும், வலைக்கு அடியில தவழணும், இடுப்பளவு சேத்துல போவணும். நாலு பேரா போயி நாலு பேராத்தான் வந்து சேரணும். ஒரு ஆளு கொறஞ்சாலும் செல்லாது. உம்ம பேரைக் குடுத்துட்டேன்."

"உமக்கு எழுவத்தாறு வயசு."

"அறுவதுக்கு மேல தனிப் பந்தயம்னு போட்டிருக்கான். நமக்குத் தாராளமா இடம் இருக்கு."

போனை வைத்துவிட்டான். ராக்கெட்டும் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

இந்த நோட்டு சர்க்கரை டாக்டர் சொன்னதற்காக வாங்கியது. தினமும் அளவையும் சாப்பிட்டதையும் குறிக்க வேண்டுமாம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மகள் செண்பகம் எழுதுகிறாள். பேசுகிறபடியே எழுதினால் அவளுக்குக் கை கூசுகிறதாம், திருத்தித்தான் போடுகிறாள். மற்றவர்கள் வாயில் வந்ததை மட்டும் அப்படியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

சர்க்கரை 188. இட்லி நான்கு. செண்பகம் மூன்று என்று எழுதப் போனாள். நான்குதான்.

16 ஜூலை, ஞாயிறு

போனில் திட்டினால் அவனுக்கு ஏறாது. பஸ் பிடித்து ஆவுடைப்புரம் போய் நேரில் திட்டினேன்.

ஆவுடைப்புரம்தான் எங்கள் ஊர். கீழத்தெருவில் அவன் வீடும் என் வீடும் எதிரெதிரே. நான் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினேன், அவன் அதே மில்லின் லாரியை ஓட்டினான். செண்பகத்தின் அம்மா போன பிறகு என் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்காசியில் மகளோடு இருக்கிறேன். அவன் மனைவி போன பிறகும் அவன் அங்கேயே கிடக்கிறான், ஒற்றை ஆளாக.

திட்டி முடித்த பிறகு காரணம் சொன்னான். முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குத் தொண்டை மிச்சம்.

சித்திரையில் குளியலறையில் விழுந்தான். விடிந்து பால்காரன் வருகிற வரைக்கும் ஈரத் தரையில் கிடந்திருக்கிறான். பெங்களூரில் இருக்கிற அவன் மகன் சங்கரன், கோயம்புத்தூரில் வயதானவர்களை வைத்துப் பார்க்கிற விடுதி ஒன்றில் இடம் பேசிவிட்டான். போன வாரம் வந்தபோது அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை. "உங்களால தெரு முக்கு வரைக்கும் நடக்க முடியாது" என்று அவன் சொல்ல, "ஓடியே காட்டுதேம்லே" என்று இவன் சொல்ல, சங்கரன் கையிலிருந்த போனில் இந்த விளம்பரம் வந்து நின்றிருக்கிறது.

"இந்தா, இதை முடிச்சுக் காட்டுங்க. விடுதிப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"வார்த்தை மாறப்படாது."

"மாற மாட்டேன்."

ஆத்திரத்தில் மகன் சொன்னதை அப்பன் பத்திரம் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"முடிக்கலேன்னா?" என்று கேட்டேன்.

"ஆவணி பொறந்ததும் கோயம்புத்தூர். ஒரு ரூம்புல ரெண்டு கட்டிலாம். பக்கத்துக் கட்டில்ல யாரோ ரிட்டயர்டு தாசில்தாராம். நான் தாசில்தார்ட்ட என்னத்தவே பேசுவேன்?"

காப்பி கொடுத்தான். தன் தம்ளரைக் கீழே போட்டுவிட்டான். கையில் எண்ணெய் பட்டிருக்கும்.

19 ஜூலை, புதன்

சர்க்கரை 171. கோதுமை தோசை. சனிக்கிழமை பழக வா என்கிறான். நான் போவதாக இல்லை.

22 ஜூலை, சனி

போனேன். போகவில்லை என்றால் அவன் இங்கே வந்து நிற்பான். செண்பகம் வீடு மூன்றாவது மாடி.

பால்வண்ணமும் வந்திருந்தான். எங்கள் தெருக்காரன், கடையநல்லூரில் புரோட்டாக் கடை வைத்திருந்தவன், இப்போது மகன்கள் பார்க்கிறார்கள். வயிறு ஒரு சுற்று பெரிது. கையில் ஒரு பொட்டலம். பந்தயத்துக்குப் பழகினால் பசிக்கும் என்று பழகுவதற்கு முன்னாலேயே புரோட்டா கொண்டுவந்திருக்கிறான்.

நாலாவது ஆளுக்கு மேலத்தெருவில் ஒருவரைப் பேசிவைத்திருந்தார்கள். அவர் மருமகள் அவருடைய செருப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாளாம். வரவில்லை. நல்லதாயிற்று, இதோடு விட்டது என்று நான் துண்டை உதறித் தோளில் போட்ட நேரத்தில் கோமதி வந்து சேர்ந்தாள். குத்தாலிங்கத்தின் தங்கை. செங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறாள். அண்ணனை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"உங்களுக்கெல்லாம் கூறு இருக்கா? இந்த வயசுல சேத்துல பொரளப் போறியளாம்லா! எருமை கூட மத்தியானத்துக்கு மேலதான் பொரளும்."

"நீயும் வாயேன் கோமதி" என்றான் பால்வண்ணம். "ஒரு ஆளு கொறயுது."

"எனக்கு என்ன வயசு தெரியுமா?"

"அறுவத்தெட்டு. எங்க மூணு பேரை விட நீதான் சின்னப் பிள்ளை."

கோமதி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேலையோட ஓட விடுவானா?" என்று கேட்டாள்.

இப்படித்தான் நாலு பேர் ஆனோம். ஒருவருக்கும் புத்தி இல்லை. புரோட்டா இரண்டு, சால்னாவோடு. செண்பகம் முறைக்கிறாள். எழுது என்றேன்.

23 ஜூலை, ஞாயிறு

சர்க்கரை 241. டாக்டரிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம்.

30 ஜூலை, ஞாயிறு

நடவுக்கு உழுது போட்ட வயல் ஒன்றில் இறங்கிப் பழகினோம். வயலுக்குச் சொந்தக்காரனிடம் கேட்டாயிற்று என்றான் குத்தாலிங்கம். கேட்கவில்லை. அவன் வரப்பில் நின்று பேசிய பேச்சைச் செண்பகம் எழுத மாட்டேன் என்கிறாள். கோமதிதான் அவனைச் சமாளித்தாள்.

"சேத்தை மட்டம் பண்ணிப் பரம்பு அடிக்க ஆளுக்குக் கூலி குடுப்பேல்லா? நாங்க நாலு பேரும் சும்மா மிதிச்சுத் தாரோம். போ, போயி நாத்தைக் கொண்டா."

கயிற்றுக் கட்டில் ஒன்றைச் சேற்றில் போட்டு அதன் அடியில் தவழ்ந்தோம். பால்வண்ணம் நடுவில் மாட்டிக்கொண்டு கட்டிலோடு எழுந்து நின்றான். ஆமை எழுந்து நின்ற மாதிரி இருந்தது. கோமதி சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முழங்காலில் தோல் போயிருந்தது.

கரையேறிச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வருகிறபோது குத்தாலிங்கத்தின் இடது காலில் செருப்பு இல்லை. சாலையில் கொஞ்ச தூரம் வெறுங்காலோடு வந்திருக்கிறான். கருவை முள் ஒன்று குதிகாலில் ஏறி நின்றது.

"வே, கால்ல முள்ளு."

குனிந்து பார்த்தான். "அட, ஆமா" என்றான், வேறு யாருடைய காலிலோ இருக்கிற மாதிரி.

இப்போது வருகிற செருப்பு எதுவும் பிடிமானம் கிடையாது. ரப்பர் மட்டம். முள்ளை நான்தான் பிடுங்கினேன். பஸ் நிறுத்தம் வரை அவனுக்கு இடது பக்கமாக நடந்து வந்தேன். வலது பக்கம் வெயில்.

5 ஆகஸ்ட், சனி

வார் வைத்த செருப்பு வாங்கினேன், அவனுக்கு. பின்பக்கம் பட்டை போட்டு இழுத்துக் கட்டுகிற மாதிரி. "எனக்கு எதுக்குவே பள்ளிக்கூடத்துப் பிள்ளை செருப்பு?" என்றான். போடுகிறாயா, வாய்க்காலில் எறியட்டுமா என்று கேட்டேன். போட்டுக்கொண்டான். இடது கால் வாரை அவனால் மாட்ட முடியவில்லை. வார் புதிது, விறைப்பு.

பந்தயத்தில் ஸ்ட்ரெச்சர் ஒன்று உண்டாம். ஒருவர் படுத்துக்கொள்ள மற்ற மூன்று பேரும் தூக்கிக்கொண்டு சேற்றைக் கடக்க வேண்டும். ஏணி ஒன்றில் கோமதியைப் படுக்க வைத்துத் தூக்கிப் பார்த்தோம்.

"தூக்குறதைப் பத்தி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்" என்றான் பால்வண்ணம்.

அது உண்மைதான். எங்கள் தெருவில் யார் செத்தாலும் பாடை தூக்க எங்கள் மூன்று பேரையும் கூப்பிடாமல் இருந்ததில்லை. மூன்று பேரும் ஒரே உயரம். தோள் மட்டம் சரியாக வரும், பாடை ஆடாது. உயரமாக இருந்ததற்குக் கிடைத்த கூலி இது. கல்யாணத்துக்கு மறந்துபோய்ப் பத்திரிகை வைக்காதவன் வீட்டிலிருந்தும் இதற்கு ஆள் வந்துவிடும்.

"யாரு படுக்கிறது?" என்று கேட்டாள் ஏணியிலிருந்து இறங்கிய கோமதி.

"நீதான். கனம் கம்மி" என்றான் குத்தாலிங்கம். "நான் படுக்க மாட்டேன். நான் படுத்துட்டேன்னு சங்கரன்ட்ட எவனாவது சொல்லுவான்."

9 ஆகஸ்ட், புதன்

மழை. சர்க்கரை 160. வாஷிங் மெஷின் பாட்டுப் பாடுகிறது. அது முடிந்ததற்கு அடையாளமாம்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

எல்லாவற்றையும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். உடம்பு நாளைக்குப் பேச விடாது.

தோப்பு முழுக்கக் கூட்டம். முக்கால்வாசி கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகள். கறுப்பு பனியன், காதில் பாட்டு. அறுபதுக்கு மேற்பட்டவர்களில் இரண்டே அணி. மதுரையிலிருந்து வந்த ரிட்டயர்டு பாங்கு ஆபீசர்கள் நாலு பேர், ஒரே மாதிரி தொப்பி, முழங்காலுக்கு உறை. பிறகு நாங்கள். கோமதி சேலைக்கு உள்ளே பேரன் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, சேலையை வரிந்து கட்டியிருந்தாள்.

மேஜையில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். அடிபட்டால் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறதாம்.

"தாத்தா, பேரு?"

"சொரிமுத்து."

"இங்க சைன் பண்ணுங்க."

"கைநாட்டுதாம்மா."

அவள் மை டப்பாவுக்கு இங்கும் அங்கும் பார்த்தாள். இல்லை. கோமதி குனிந்து தரையிலிருந்த சேற்றில் என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி, தாளில் ஒரு அமுக்கு அமுக்கினாள். "இது போதுமா பாரு. இன்னைக்கு முழுக்க இதுதான மை." அந்தப் பெண் தாளைக் காயவைத்தாள்.

ஓட்டம் என்று பெயர். நாங்கள் நடந்தோம். டயர் வரிசையைத் தாண்டினோம். சரிவுப் பலகையில் கயிற்றைப் பிடித்து ஏறும்போது பால்வண்ணம் மூன்று தடவை சறுக்கி என் மேலேயே வந்து விழுந்தான். ஒரு தடவை விழுந்தால் தவறுதல். மூன்று தடவையும் நானேவா கிடைத்தேன்? கீழே நின்று அவனை நான் தலையால் முட்டி ஏற்றினேன். அந்த ஏற்றத்தில் குத்தாலிங்கத்தை ஏற்ற இவ்வளவு பாடு இல்லை. கோமதி மேலே இருந்து கையைப் பிடித்தாள், நான் கீழே இருந்து அவன் இடது காலை எடுத்துப் பலகையில் வைத்தேன்.

அடுத்து வலை. தவழ்ந்து வெளியே வந்த மூன்று பேரும் எழுந்துவிட்டோம். குத்தாலிங்கம் எழவில்லை. வலது காலை ஊன்றுகிறான், இடது கால் வரவில்லை. சேறு பிடித்துக்கொண்டதாக நினைத்துக் கையால் காலைச் சுற்றிச் சேற்றை வழித்தேன். கால் வெளியே வந்தது. அப்போதும் நிற்கவில்லை.

பனியன் போட்ட பிள்ளைகள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"தாத்தா, முடியலைன்னா விட்டுடலாம். ஜீப் இருக்கு, ஏத்திக்கலாம்."

குத்தாலிங்கம் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். வாய் கொஞ்சம் கோணிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சேறு, அப்படித்தான் தெரியும்.

"ஜீப்புல ஏறினா அவ்வளவுதானவே?" என்றான்.

"ஆமா. அவ்வளவுதான்."

"தாசில்தார்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் பஸ்ஸில் போய் வந்து, முழங்காலைப் பெயர்த்து, சர்க்கரை ஏற்றி, எல்லாம் இவன் இந்த இடத்தில் உட்காருவதற்கா? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளைகள் பயந்துபோனார்கள். அப்புறம் அவர்களிடம் கேட்டேன்.

"அடுத்தது என்னது?"

"ஸ்ட்ரெச்சர், தாத்தா."

"அதுல யாரு வேணும்னாலும் படுக்கலாம்லா?"

"படுக்கலாம். ஆனா அந்தக் கொடி வரைக்கும்தான் தூக்கலாம். அதுக்கு அப்புறம் எல்லாரும் நடந்துதான் லைனைத் தாண்டணும்."

"படும்வே" என்றேன்.

"மாட்டேன்."

"படுக்கலேன்னா உம்ம மகனுக்கு நானே போன் போடுதேன்."

படுத்தான்.

முன்பக்கம் பால்வண்ணம் இரண்டு பிடியையும் பிடித்துக்கொண்டான். பின்னால் நானும் கோமதியும். முழங்கால் வரை சேறு. முதல் நாலு எட்டு தடுமாற்றம். பிறகு பால்வண்ணத்தின் காலும் என் காலும் தானாக ஒன்று சேர்ந்தன. ஆயுசு முழுக்க நடந்த நடை அது. ஆட்டமில்லை, குலுங்கலில்லை. கோமதியைக்கூட இழுத்துக்கொண்டு போய்விட்டோம். பாங்கு ஆபீசர்கள் எங்களுக்கு முன்னால் வந்தும் ஸ்ட்ரெச்சரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களை முந்திவிட்டோம்.

பாதி வழியில் ஒரு மேடு. மேட்டில் ஒரு மரம்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து பாடையைத் தூக்குகிறபோது கால் முன்னால் போகும். பாதி வழியில் மரத்தடியில் இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பித் தூக்குவோம். அதன் பிறகு தலை முன்னால் போகும். வந்த வழி ஆளுக்கு மறந்துபோகும் என்பார்கள்.

மரத்தைப் பார்த்தேன். என் வாய் சொன்னது: "இறக்கு."

பால்வண்ணம் இறக்கினான்.

"மாத்து."

மாற்றினோம். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்ட்ரெச்சரை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பித் தலையை முன்னால் கொண்டுவந்து, தூக்கி, இரண்டு எட்டும் வைத்துவிட்டோம். அப்போதுதான் கோமதி கத்தினாள்.

"அட பாவிகளா! உசுரோட இருக்கிற மனுசனைத் திருப்பிட்டீங்களே! இறக்குங்க! இறக்குங்கங்கேன்!"

பால்வண்ணம் அப்படியே நின்றுவிட்டான். அவன் கழுத்தில் சேறு வழிந்துகொண்டிருந்தது.

ஸ்ட்ரெச்சரிலிருந்து குத்தாலிங்கம் கண்ணைத் திறந்து மரத்தின் கிளையைப் பார்த்தான்.

"என்னவே, பாதி வழி வந்தாச்சா?" என்றான்.

அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தான். ஸ்ட்ரெச்சர் ஆடியது. பால்வண்ணமும் சிரித்தான். கோமதி அழுதுகொண்டே இரண்டு பேரையும் அடிக்கக் கை ஓங்கினாள். "மறுபடி திருப்புங்க. வந்தபடியே திருப்புங்க. அப்புறம்தான் நான் தொடுவேன்." மறுபடி இறக்கி, மறுபடி சுற்றி, கால் முன்னால் வருகிற மாதிரி வைத்துத் தூக்கினோம். அந்த நேரத்தில் பாங்கு ஆபீசர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு பையன் போனில் படம் பிடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தான். இதில் படம் பிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்டு அவனையும் திட்டினேன்.

கொடிக்கு வந்து இறக்கினோம். வளைவு கண்ணுக்கு எதிரே தெரிந்தது. அங்கே ஒருவன் மைக்கில் கத்திக்கொண்டிருந்தான்.

குத்தாலிங்கத்தை நிறுத்தினோம். வலது பக்கம் பால்வண்ணம், இடது பக்கம் நான். கோமதி முன்னால் நின்று, எங்களைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள். "வாங்கண்ணே. அந்தக் கால எடுத்து வைங்க. லாரி ஓட்டுன காலுதான? கிளட்ச மிதிக்கிற மாதிரி மிதிங்க." இடது கால் தரையில் இழுபட்டது. என் வலது காலால் அதைத் தள்ளித் தள்ளி வைத்தேன். நான் ஒரு தள்ளு, அவன் ஒரு எட்டு. மறுபடி ஒரு தள்ளு. மைக் பிடித்தவன் பேச்சை நிறுத்திவிட்டான். பனியன் பிள்ளைகள் கை தட்டினார்கள். வழியை மறைக்காதே என்று அவர்களைச் சத்தம் போட்டேன்.

கோட்டைத் தாண்டினோம். நாலு பேரும்.

கழுத்தில் தகரப் பதக்கம் போட்டார்கள். முதலுதவி மேஜையில் இருந்த நர்ஸ் அவனைக் கையைத் தூக்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். சுளுக்கு என்றான் அவன். ஆமாம், சுளுக்குத்தான் என்றேன் நானும். சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

14 ஆகஸ்ட், திங்கள்

சர்க்கரை பார்க்கவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் இருந்தேன். கால் கொஞ்சம் அசைகிறது என்றார்கள். கட்டிலில் பதக்கத்தோடு படுத்திருக்கிறான், கழற்ற மாட்டேன் என்கிறான். நர்ஸுகள் அவனைப் பார்க்க முறை போட்டு வருகிறார்கள். கோமதி எல்லாருக்கும் கதை சொல்கிறாள். பால்வண்ணம் வார்டுக்கே புரோட்டா கொண்டுவந்துவிட்டான்.

15 ஆகஸ்ட், செவ்வாய்

அந்தப் பையன் எடுத்த படத்தைப் பாட்டுப் போட்டு விட்டிருக்கிறானாம். இறக்கியதும் திருப்பியதும் எல்லாம் இருக்கிறது. செண்பகத்தின் ஆபீஸில் பார்த்திருக்கிறார்கள். மேல்மாடியில் குடியிருக்கிறவன் படியில் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறான். பெங்களூரில் சங்கரனும் பார்த்துவிட்டான். கிளம்பி வருகிறானாம்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

வந்தான். நேற்று அப்பனை ஆஸ்பத்திரியிலிருந்து ஆவுடைப்புரம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இன்று காலை நானும் போனேன்.

சண்டை பிடிக்கத் தயாராகப் போனேன். திருப்பித் தூக்கியதைக் கேட்டால் என்ன சொல்வது, ஸ்ட்ரெச்சரில் படுத்ததைக் கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன். சங்கரன் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். கண் சிவந்திருந்தது. நல்ல பிள்ளை. அதுதான் சங்கடம்.

"முடிச்சுட்டாங்க சித்தப்பா. நான் சொன்னது சொன்னதுதான். மாற மாட்டேன்."

"அப்புறம் என்னடே?"

"டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்லா? தலையில நரம்பு அடைச்சிருக்கு. இது முதல் தடவை இல்லையாம். ஏற்கெனவே ஒண்ணு ரெண்டு தடவை வந்து போயிருக்குங்காரு. கையில இருந்து சாமான் விழுந்துச்சா, செருப்பு கழண்டுச்சான்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

குத்தாலிங்கம் நகத்துக்குள் இருந்த காய்ந்த சேற்றை ஊக்கால் நோண்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"செருப்பு மட்டம்" என்றேன்.

சங்கரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நான் எதிரி இல்ல சித்தப்பா. மாத்திரை வேளைக்குச் சாப்பிட்டா இங்கேயே இருக்கலாம்னு டாக்டரே சொல்லுதாரு. ஆனா தனியா விடாதீங்கங்காரு. மறுபடி விழுந்தா, அவரு கூப்பிட்டாக் கேக்கிற தூரத்துல ஒரு ஆளு வேணும். அந்த ஒரு ஆளு இந்தத் தெருவுல இருக்காருன்னு சொல்லுங்க. நான் இன்னைக்கே பஸ் ஏறிருதேன்."

"தெரு நிறைய வீடு இருக்குல்லடே."

"வீடு இருக்கு. ஆளு யாரு இருக்கா? பேரைச் சொல்லுங்க. நம்பர் போட்டுக்கிடுதேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு ஏறிவிட்டது. எங்கள் தெருவில் ஆள் இல்லை என்று நேற்றுப் பிறந்த இவன் என்னிடம் சொல்கிறானா? வா வெளியே என்று வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேற்கிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் வீடு சண்முகவேல். பழைய ஐந்நூறு ரூபாய் செல்லாது என்று சொன்ன வாரத்தில் போனான். கையில் செல்லாத நோட்டை வைத்துக்கொண்டு பூ வாங்க அலைந்தோம். இப்போது அது சிமெண்டு குடோன்.

இரண்டாவது மீனாட்சி ஆச்சி வீடு. கடல் பொங்கிய வருடத்தில் போனாள். பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவன் சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். சாரல் நின்றால் பூட்டு.

மூன்றாவது வீட்டில் அருணாசல வாத்தியார். கொரோனாவில் போனார். அவரை மட்டும் எங்களைத் தூக்க விடவில்லை. வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் மூன்று பேரும் இந்த வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலாவது பால்வண்ணம் வீடு. ஆள் இருக்கிறான், கடையநல்லூரில். தூங்கினால் இடி விழுந்தாலும் கேட்காது.

அடுத்தது வேலாயுதமும் அவன் மனைவியும். கொல்லத்துக்கு அகல ரயில் விட்ட வருடத்தில் அவன், அதே வருடம் தீபாவளிக்கு முன்னால் அவள். இப்போது இருக்கிற புருஷனும் பெண்சாதியும் காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். அவர்கள் பேர் எனக்குத் தெரியாது.

சொல்லிக்கொண்டே வருகிறேன். சங்கரனின் விரல் போனில் ஒரு எண்ணையும் தொடவில்லை. ஒவ்வொரு வீடாகக் கையைக் காட்டி, கை இந்த வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே ஊக்கால் நோண்டுகிற சத்தமும் நின்றுவிட்டது. மிச்சம் எதிர்வீடு ஒன்றுதான்.

"அது செண்பகத்தோட அம்மா" என்றேன். "கொரோனா ரெண்டாவது தடவை வந்தப்போ. அது உனக்குத் தெரியும்."

"தெரியும் சித்தப்பா" என்றான். போனைச் சட்டைப் பைக்குள் போடப் போனான்.

"இருடே. முடிக்கலை."

இதுவரை எழுதிக்கொண்டு வந்த செண்பகம் இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள். "நீங்க எங்கூடத்தானப்பா இருக்கீங்க" என்கிறாள். "உங்க சர்க்கரையை அங்க யாரு பாப்பா?" என்கிறாள். அவள் பேசுகிற விதத்தில் அவள் அம்மா இருக்கிறாள். நான் சொன்னதை எழுது, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதுகிறாள்.

சங்கரனிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கீழத்தெருவில் உன் அப்பன் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், எதிர்வீட்டில், உயிரோடு இருக்கிற கடைசி ஆள் ஒருத்தன் உண்டு. பேர் சொரிமுத்து.